சரோஜா அவுட் செய்த வினாத்தாள்

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவனுக்குக் கெடக்கூடாதது கால். எனக்கு அதுதான் முதலில் கெட்டது.

என் பெயர் தன்ராஜ். வயது அறுபத்தாறு. மர்பி டவுனில் முப்பத்தோரு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். பழகுகிற வண்டியில் ஓட்டுகிறவர் பக்கம் ஒரு பிரேக், என் பக்கம் ஒரு பிரேக் இருக்கும். போன வருடம் ஒரு காலை, அல்சூர் ஏரி ஓரம் திரும்பும்போது, ஓட்டிக்கொண்டிருந்த பெண் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டார். வாரத்துக்கு ஒரு முறை நடக்கிற விஷயம்தான். நான் என் பக்கத்து பிரேக்கை மிதிப்பேன், வண்டி நிற்கும். அன்று மிதிக்க வேண்டும் என்று தலைக்குத் தெரிந்தது. கால் கிளம்பவில்லை. முன்னால் நின்ற ஆட்டோவின் பின்பக்கத்தை இடித்துக்கொண்டுதான் நின்றோம். ஆட்டோக்காரர் இறங்கி வந்து கன்னடத்தில் என் பரம்பரையையே விசாரித்தார். நான் குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைப் பார்த்துப் பயப்படவில்லை, என் காலைப் பார்த்துத்தான் பயந்தேன்.

அதற்குப் பிறகு ஒன்றொன்றாக வந்தது. நடக்கும்போது தரையில் பசை தடவி வைத்த மாதிரி பாதம் ஒட்டிக்கொண்டது. சிறுநீர் வருகிறது என்று தெரிவதற்கும் வந்துவிடுவதற்கும் நடுவில் நேரமே இல்லாமல் போயிற்று. ஒரே பையனுக்கு ஒரே வாரத்தில் மூன்று முறை ரிவர்ஸ் கியரை முதல் நாள் பாடமாகச் சொல்லிக்கொடுத்தேன். பாவம், அவனும் மரியாதைக்கு மூன்று முறையும் தலையாட்டினான்.

இவற்றில் சேராத ஒன்றை என் மனைவி சரோஜாதான் கவனித்தாள். மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் அவள் ஏதாவது கேட்டால் நான் நின்றுவிடுவேன். நின்று, பதில் சொல்லி, பிறகு மறுபடி நடையைத் தொடங்குவேன்.

"இன்னாங்க இது, நடக்கறதுன்னா நடக்கறது, பேசறதுன்னா பேசறது. ரெண்டும் சேந்து வராதா உங்களுக்கு?" என்றாள்.

"நீ பேசறதுக்கு நின்னுதான் பதில் சொல்லணும்" என்று நான் கிண்டல் செய்தேன். அதுகூட நின்றுதான் சொன்னேன்.

தெரு டாக்டர் வயதாகிவிட்டது என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். மூன்று மாதம் விழுங்கினேன். ஒரு நாள் வீட்டு வாசலிலேயே தடுக்கி விழுந்ததும் மகள் ரேவதி போனில் சண்டை போட்டு, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கினாள்.

அந்த வெளி நோயாளிகள் கூடத்தில் தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு எல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். டோக்கன் நம்பர் வர இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் பக்கத்தில் இருப்பவர் ஃபைலை நீங்கள் படித்திருப்பீர்கள், உங்கள் ஃபைலை அவர் படித்திருப்பார். உள்ளே என்ன கேட்பார்கள், எந்த டாக்டர் கத்துவார், எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். சரோஜா ஒரு மணி நேரத்தில் அந்த இடத்துக்கே சொந்தக்காரி ஆகிவிட்டாள்.

டாக்டர் ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினார். மூளைக்குள் சில அறைகள் இருக்கின்றனவாம். அவற்றில் தண்ணீர் போன்ற ஒரு திரவம் ஊறி, சுற்றி வந்து, வடிந்துகொண்டே இருக்குமாம். என் படத்தில் அந்த அறைகள் உப்பியிருந்தன.

"இதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம்" என்றார். "தண்ணி சரியா வடியாம தேங்கியிருக்கலாம். இல்லன்னா மூளை சுருங்கிப் போயி, அதனால அறை பெருசா தெரியலாம். படத்தை மட்டும் வெச்சு நிச்சயமா சொல்ல முடியல."

"எது நல்லது?" என்றாள் சரோஜா.

அவர் சிரிக்கவில்லை. தேங்கியிருந்தால் மண்டையில் ஒரு சின்ன துளை போட்டு, அங்கிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் ஒரு மெல்லிய குழாய் விட்டு வடிய வைக்கலாம் என்றார். நடை நன்றாகத் திரும்பும், ஞாபகமும் ஓரளவு திரும்பலாம். சுருங்கிய மூளை என்றால் அது மறதி நோய், அந்தக் குழாயால் பிரயோஜனம் இல்லை. ரத்தக்கசிவு, கிருமித் தொற்று என்று ஆபத்து மட்டும்தான் மிச்சம். அந்த வியாதிக்கு மாத்திரை உண்டு, கொஞ்சம் மெதுவாக்கும், சரியாக்காது.

எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். முதலில் நடையையும் ஞாபகத்தையும் அளப்பார்கள். பிறகு முதுகுத்தண்டில் ஊசி போட்டு அந்தத் திரவத்தில் கொஞ்சம் எடுப்பார்கள். பிறகு மறுபடி அளப்பார்கள். தேறியிருந்தால் குழாய், தேறாவிட்டால் மாத்திரை. அதற்காக என்னை வார்டில் சேர்த்தார்கள். சரோஜா, நான் பேசினால் நின்றுவிடுகிற விஷயத்தையும் டாக்டரிடம் மறக்காமல் சொன்னாள். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

அளக்கிறவர் பவித்ரா என்ற இளம் உளவியல் பரிசோதகர். கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். ஞாபகம், கவனம், முதுமை இதெல்லாம்தான் அவர் படிப்பு. எந்த மொழியில் சோதனை வேண்டும் என்று கேட்டார். தமிழ் என்றேன். ஒரே ஒரு தமிழ்த் தாளை எடுத்தார். வழக்கமாகத் துணைக்கு வந்தவர்களை வெளியே அனுப்பிவிடுவார்களாம். நான் நாற்காலியில் சாய்ந்து விழுந்துவிடுவேனோ என்று சரோஜாவை எனக்குப் பின்னால் உட்கார விட்டார். வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை.

ஐந்து வார்த்தை சொன்னார். திருப்பிச் சொல்லச் சொன்னார், சொன்னேன். பிறகு கடிகாரம் வரையச் சொன்னார். எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார். ஒரு நிமிடத்தில் எத்தனை காய்கறி பெயர் சொல்ல முடியும் என்று கேட்டார். நான் கத்தரிக்காயை இரண்டு தடவை சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகு, "முதல்ல நான் சொன்ன அஞ்சு வார்த்தை என்ன சார்?" என்றார்.

ஒன்று கூட இல்லை. மங்கலாகக்கூட இல்லை, துடைத்துவிட்ட கரும்பலகை மாதிரி இருந்தது. பின்னால் சரோஜாவின் வளையல் ஒரு தடவை சத்தம் போட்டது. அவளுக்கு ஐந்தும் தெரியும். அந்த நிமிடம் எனக்கு வந்த அவமானத்தை இங்கே அப்படியே சொல்லிவிடுகிறேன்: எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியது, ஓடத்தான் காலும் இல்லை. பிறகு காரிடாரில் தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் பட்டைகளுக்கு நடுவே நடக்க விட்டு, ஸ்டாப் வாட்சில் நேரம் பார்த்தார், அடிகளை எண்ணினார். அதிலும் மோசம்தான்.

மறுநாள் காலை ஊசி. ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, முதுகை வில்லாக வளைக்க வேண்டும். மரத்துப்போக முதலில் ஒரு ஊசி. அது சுருக்கென்று வலிக்கும். அடுத்தது வலிக்காது, யாரோ கட்டை விரலால் அழுத்துகிற மாதிரி இருக்கும். திரவம் சொட்டுச் சொட்டாகக் கண்ணாடிக் குழாயில் விழுந்தது. நர்ஸ் தூக்கிக் காட்டினார். வெறும் தண்ணீர் போலத்தான் இருந்தது. இதற்கா இத்தனை ஆட்டம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

பிறகு சில மணி நேரம் தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். சாயங்காலம் மறுபடி சோதனை. நான் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தேன். சரோஜா கஞ்சியை ஸ்பூனால் ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டு, தன் கைப்பையிலிருந்து, பின்பக்கம் ஏதோ எழுதிய ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள்.

"கேளுங்க. நேத்து அந்தப் பொண்ணு சொன்ன வார்த்தைங்க. இந்த அஞ்சுதான். நர்ஸம்மாவ கேட்டேன், தமிழ்ல ஒரே தாள்தானாம். சாயந்திரமும் இதான் வரும்."

இதை வாசிக்கிறவர்களுக்கு நாங்கள் அயோக்கியர்களாகத் தோன்றலாம். எங்களுக்கு அது அப்படித் தோன்றவே இல்லை. முப்பத்தோரு வருடம் எங்கள் வீட்டில் சோறு பொங்கியதே வினாத்தாளை முன்கூட்டியே தெரிந்துகொண்டுதான். லைசென்ஸுக்கு முந்தின எல்.எல்.ஆர். தேர்வில் எந்தச் சாலைக் குறியீட்டுப் படம் வரும், எந்தக் கேள்வி வரும் என்று பட்டியல் போட்டு, ஆட்களை உட்காரவைத்து உருப்போட வைப்பேன். சரோஜாதான் ஒப்பிக்கக் கேட்பாள். எங்கள் ஸ்கூலில் சேர்ந்தால் ஃபெயில் ஆகமாட்டார்கள் என்று பிரேசர் டவுன் வரைக்கும் பெயர். தேர்வு என்றால் பாஸாக வேண்டும். அதற்கு மேல் நாங்கள் யோசித்ததில்லை.

உருப்போட நானே கண்டுபிடித்த ஒரு வித்தையும் இருந்தது. பழகுகிறவர்களை முதல் வாரம் ஓட்டிச் செல்கிற பாதையில் ஐந்து இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு படத்தை நிறுத்திவிட வேண்டும். தேர்வில் மனதுக்குள் அந்தப் பாதையில் ஒரு ரவுண்டு போனால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அன்று அந்த ஐந்து வார்த்தைகளையும் அப்படியே நிறுத்தினேன். எங்கள் தெரு முனையில் ஒன்று, சிக்னலில் ஒன்று, ஏரி திருப்பத்தில் ஒன்று. சரோஜா விடாமல் கேட்டாள். தப்பினால் திட்டினாள். கடிகாரத்தில் சின்ன முள்ளை எங்கே தவறாகப் போட்டேன் என்றும் சொன்னாள். அவ்வளவு நேரமும் அவள் கை என் நெற்றி மேலேயே இருந்தது.

சாயங்காலம் ஐந்துக்கு ஐந்து. கடிகாரம் அச்சில் அடித்த மாதிரி. பவித்ரா ஒரு நிமிடம் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மஞ்சள் பட்டைக்கு நடுவேயும் வேகமாகவே நடந்தேன். ஆனால் அதிலும் நான் சும்மா நடக்கவில்லை. பல்லைக் கடித்து, பட்டையில் மட்டும் கண் வைத்து, டிராக்கில் எட்டு போடுகிற ஆள் மாதிரி நடந்தேன்.

மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர் முகம் மலர்ந்திருந்தது. "ரொம்ப நல்ல முன்னேற்றம். ஞாபகம் இவ்வளவு தேறும்னு நான் எதிர்பார்க்கல. வியாழக்கிழமை பண்ணிடலாம்" என்றார். வலது காதுக்குப் பின்னால் எங்கே வெட்டுவார், குழாய் கழுத்து வழியாக எப்படி இறங்கும் என்று தன் விரலால் என் மேலேயே கோடு போட்டுக் காட்டினார். ஒப்புதல் படிவத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த விரல் போன வழி ரொம்ப நேரம் சில்லென்று இருந்தது. அப்போதுதான் எனக்கு ஒருவர் ஞாபகம் வந்தார். பல வருடங்களுக்கு முன்னால் எங்களிடம் வந்தவர். கண் சரியில்லை என்று எனக்குத் தெரியும். கண் பரிசோதனை போர்டின் எழுத்துகளை மேலிருந்து கீழ் வரை உருப்போட வைத்தேன். பாஸானார், ஸ்வீட் கொண்டுவந்து கொடுத்தார். சில நாளில், நின்றுகொண்டிருந்த பால் வண்டியில் போய் மோதி கால் எலும்பை உடைத்துக்கொண்டார். அவரிடம் லைசென்ஸ் இருந்தது, பார்வைதான் இல்லை.

இப்போது என்னிடம் ஐந்துக்கு ஐந்து இருந்தது. நான் உண்மையில் தேறியிருக்கிறேனா, வெறுமனே பாஸாகியிருக்கிறேனா? எனக்கே தெரியவில்லை. தெரியாமல் மண்டையில் துளை போடப் போகிறார்கள்.

சரோஜாவிடம் சொன்னேன்.

"சும்மனே இருங்க" என்றாள். "இப்ப போயி சொன்னா இன்னா ஆவும்? ஆபரேஷன் இல்லம்பாங்க. அந்த இன்னொரு வியாதின்னு எழுதுவாங்க. அதுக்கு சரியாக்கற மருந்தே இல்லன்றாங்களே."

"இல்லாத வியாதிக்கு மண்டைய திறந்தா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. இதுக்கு ஒரு வழி இருக்குது. அதுக்கு வழியே இல்ல. வழி இருக்கற பக்கமா தள்ளிவுட்டேன் உங்கள. தப்பா?"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். முப்பத்தெட்டு வருடத்தில் என் முன்னால் அவள் அழுதது குறைவு. என்னை மெல்ல மெல்ல மறதிக்குக் கொடுத்துவிடுவதை அவளால் தாங்க முடியவில்லை. அதற்கு ஒரு ஆபரேஷன் எவ்வளவோ மேல் என்று நினைத்திருக்கிறாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அந்தப் பால் வண்டி கண்ணை விட்டுப் போகவில்லை.

பவித்ரா வார்டு வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். கையில் ஃபைல் கட்டோடு அவசரத்தில் இருந்தார்.

"மேடம், ஒரு நிமிஷம். உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்."

"கீழ ஓ.பி. இருக்கு சார், லேட் ஆய்த்து. லிஃப்ட் வரைக்கும் வாங்க, நடந்துட்டே சொல்லுங்க. மெல்ல வாங்க."

நான் அவரோடு நடந்தேன், சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை அட்டை, எல்.எல்.ஆர். பட்டியல், தெரு முனை, சிக்னல், ஏரி, பால் வண்டி. பின்னால் சரோஜா என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். பவித்ரா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். லிஃப்ட் வாசலுக்கு வந்துவிட்டோம். பொத்தானை அழுத்தாமல் நின்றார்.

"உங்க மேல தப்பில்ல" என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் சரோஜா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏங்க. நீங்க நிக்கவே இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"அங்கேந்து இங்க வரைக்கும் பேசிக்கினே வந்தீங்க. ஒரு எடத்துலயும் நிக்கல. பாருங்கம்மா, இவரு பேசினா கால் நின்னுடும்மா, ஒரு வருஷமா. நான்தான் டாக்டர்கிட்ட சொன்னேனே."

மூன்று பேரும் திரும்பி வந்த வழியைப் பார்த்தோம். நீளமான காரிடார். என் படுக்கை இருக்கிற வார்டு கதவு கடைசியில் சின்னதாகத் தெரிந்தது. பவித்ரா ஃபைலைப் பிரித்து டாக்டர் முதல் நாள் எழுதியதைத் தேடிப் படித்தார். பிறகு சிரித்தார்.

"இதுக்கு என்கிட்ட தாள் கிடையாது சார். யாரும் உங்களுக்கு சொல்லிக் குடுத்திருக்கவும் முடியாது, அல்வா?" என்று கன்னடத்து 'இல்லையா'வைச் சேர்த்துக் கேட்டார்.

நடப்பது, பேசுவது இரண்டுக்கும் கவனம் ஒன்றுதான் என்று பிற்பாடு விளக்கினார். வயதாகும்போது எல்லோருக்கும் அது கொஞ்சம் சுருங்கும். எனக்குத் தண்ணீர் அழுத்தியதில், கிட்டத்தட்ட முழுக் கவனமும் விழாமல் நடப்பதற்கே செலவாகிவிட்டது. பேச வேண்டுமானால் அதைக் காலிலிருந்து எடுத்துத்தான் வாய்க்குக் கொடுக்க வேண்டும், அதனால்தான் நின்றேன். கொஞ்சம் திரவம் எடுத்ததும் இரண்டுக்கும் போதுமான அளவு திரும்பியிருக்கிறது.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. ஓ.பி. முடிந்து வந்து, "உங்களுக்குக் கன்னடா நல்லா வரும் தானே?" என்று கேட்டு கன்னடத் தாளை எடுத்தார். அதில் வேறு வார்த்தைகள். இந்தத் தடவை சரோஜாவை வெளியே உட்கார வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டபோது எனக்கு இரண்டு வந்தது. மற்ற மூன்றில் முதல் எழுத்து மாதிரி ஏதாவது குறிப்பு கொடுத்தபோது இரண்டு வந்தது. ஒன்று வரவே இல்லை.

"நல்ல மார்க் இல்லையே" என்றேன்.

"மார்க் விடுங்க சார். குறிப்பு குடுத்தா வருது. அப்படின்னா உள்ள போயிருக்கு, தேடி எடுக்கத்தான் நேரமாகுது. அதுவும் இல்லாம, நேத்து உருப்போட்டீங்களே, அது இன்னும் இருக்கா?"

மனதுக்குள் வண்டியை எடுத்தேன். தெரு முனை, சிக்னல், ஏரி. ஐந்தும் நின்றுகொண்டிருந்தன.

"அந்த இன்னொரு வியாதியில, எவ்வளவு உருப்போட்டாலும் பொதுவா இவ்ளோ நிக்காது" என்றார். உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார். எல்லாவற்றையும், எங்கள் திருட்டுத்தனம் உட்பட, டாக்டருக்கு எழுதிக்கொடுத்தார். டாக்டர் என்னைக் காரிடாரில் மறுபடி மறுபடி பேசிக்கொண்டே நடக்க விட்டுப் பார்த்தார். ஞாபகம் எவ்வளவு திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, நடைக்காகச் செய்யலாம் என்றார். அதற்குப் பிறகுதான் அந்த ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். முழித்தபோது பாதித் தலையில் முடி இல்லை, தொண்டை காய்ந்திருந்தது, வயிற்றில் ஒரு தையல். சரோஜா என் மொட்டைப் பாதியைப் பார்த்து, "இதுக்கு ஏத்த மாதிரி மீதியும் எடுத்துடலாம்" என்றாள். ரேவதி ஓசூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து ரசம் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரி ரசத்துக்கு நான் பட்ட துயரத்தை அவள் மட்டும்தான் புரிந்துகொண்டாள்.

இப்போது நடக்கிறேன். சிறுநீர் தொந்தரவு பெரும்பாலும் போய்விட்டது. ஞாபகம் முழுசாகத் திரும்பவில்லை, பெயர்கள் தாமதமாக வருகின்றன. டிரைவிங் ஸ்கூலை மூடிவிட்டேன். தாமதமாக வருகிற பிரேக்கை நம்பி நான் இன்னொருவரைச் சாலைக்குக் கூட்டிப்போகத் தயாரில்லை. அந்த ஐந்து தமிழ் வார்த்தைகள் மட்டும் இன்னும் அதே இடங்களில் நிற்கின்றன. அவற்றை இங்கே எழுதமாட்டேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கலாம்.

போன மாதம் மறுபரிசோதனைக்குப் போயிருந்தோம். அதே கூடம், அதே பெஞ்சு. அத்திபெலேயிலிருந்து ஒரு அம்மா தன் வீட்டுக்காரரைக் கூட்டி வந்திருந்தார். அவர் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் நான் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா சரோஜா பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அக்கா, உள்ள ஏதோ வார்த்தையெல்லாம் சொல்லி திருப்பிக் கேப்பாங்களாமே. உங்க வூட்டுக்காரருக்கு இன்னா கேட்டாங்க? ஞாபகம் இருக்குதா?"

சரோஜா என்னைப் பார்த்தாள். அவளுக்கு என் கல்யாணச் சட்டையின் பட்டன் நிறம் ஞாபகம் இருக்கிறது. முப்பத்தோரு வருடத்தில் எங்களிடம் ஓட்டப் பழகியவர்களின் பெயரும் தெருவும் ஞாபகம் இருக்கிறது. கைப்பையின் மேல் அவள் கை ஒரு நிமிடம் இருந்தது. பிறகு அந்தக் கையை எடுத்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா, மறந்துட்டேன்" என்றாள்.